பழைய டிராக்டரில் தண்ணீர் குறைகிறதா?

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வண்டி பழசு, தினமும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் எந்த டிராக்டரும் தண்ணீர் குடிப்பதில்லை. ரேடியேட்டரில் உள்ள நீர் டீசலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. அது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருவது. அது குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் உழவர் 20 ஆண்டுப் பழமையான டிராக்டர் வைத்திருந்தார். காலையில் அரைக்குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வயலுக்குப் போவது அவர் வழக்கம். சம்பா நடவுக்குச் சேறடிக்கும் நேரத்தில் ஒரு நாள் என்ஜின் திடீரென்று திணறி நின்றுவிட்டது. "வெப்பமானி முள் ஏறவே இல்லையே" என்று அவர் வருந்தினார். பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் லைனரில் பிடித்திருந்தது; ஹெட்டும் வெடித்திருந்தது. இத்தனைக்கும் காரணம், அடிக் குழாயின் கிளிப்புக்கு அடியில் இருந்த ஒரு விரற்கடை வெடிப்பு. ஒரு ரப்பர் குழாயின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு என்ஜினையே புதுப்பிக்க நேர்ந்தது. நடவு நாட்களும் வீணாயின.

முள் ஏன் ஏறவில்லை? வெப்பமானியின் உணர்பகுதி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைக் காட்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், என்ஜின் கொதித்தாலும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். எனவே முள்ளை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

நீரின் வேலை

என்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழைப்பாக நமக்குக் கிடைக்கிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை நீர்தான் வாங்கி வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியும் இதில் ஒரு முக்கிய உறுப்பு. அழுத்த மூடி உள்ள வண்டிகளில் அதன் சுருள்வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. 7 பவுண்டு அழுத்த மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய 111 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் நீர் முன்னதாகவே கொதித்து, வழிகுழாய் வழியாக வெளியேறிவிடும். வேறெங்கும் ஒழுக்கு இல்லாமலே நீர் குறைந்தால் முதலில் மூடியைப் பாருங்கள்.

(ஐச்சர் நிறுவனத்தின் பழைய காற்றுக் குளிர்ச்சி என்ஜின்களில் நீர் கிடையாது. அவற்றுக்கு இவ்வுரை பொருந்தாது.)

ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை

வயலில் நீர் நிற்கவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளை எங்கே என்று பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறியபின் அதைக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். எண்ணெயும் சேறும் படிந்த என்ஜினில் ஒழுக்கைக் காண இயலாது. நீரை உரிய மட்டத்துக்கு நிரப்பி, இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் உள்ளதோ, அதற்கு நேர் மேலே தொடங்கித் தேடுங்கள். நீர் வழிந்தோடிக் கீழே சொட்டுவதால், ஈரத்தின் மிக உயர்ந்த இடமே ஒழுக்கின் மூலம்.

சில ஒழுக்குகள் என்ஜின் சூடாகி அழுத்தம் ஏறிய பின்பே தெரியும். அப்போது நீர் சொட்டுமுன் ஆவியாகிவிடும். வெள்ளைப் பொருக்கோ துருக் கோடோ மட்டும் மிஞ்சும். அந்தத் தடயத்தை விட்டுவிடாதீர்கள். கீழ்க்கண்ட இடங்களை வரிசையாகப் பாருங்கள்:

1. மேல், அடி ரப்பர் குழாய்கள்: ஆறிய நிலையில் கையால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், கொழகொழப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

2. ரேடியேட்டர்: விசிறிக்கு நேரான பகுதி, மேல் கீழ்த் தொட்டிகளின் பற்றாசு ஓரங்கள், நீர் இறக்கும் திருகு.

3. தண்ணீர் பம்பு: பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் அத்துளை வழியாக நீர் சொட்டும். அதை ஆப்பு வைத்து அடைப்போரும் உண்டு. இது பெருந்தவறு. அடைத்தால் நீர் பேரிங்குக்குள் புகுந்து பம்பையே கெடுக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு விசிறியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் தேய்ந்துவிட்டது.

4. என்ஜின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகள்: இவை உள்ளிருந்து துருப்பிடித்துத் துளை விழும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லையா?

அப்படியானால் நீர் உள்ளே போகிறது. இதுதான் ஆபத்தான ஒழுக்கு. ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போலிருந்தால் நீர் கலந்துவிட்டது. ஐயம் இருந்தால், வண்டியை ஓர் இரவு நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் இறக்கும் திருகை மெல்லத் தளர்த்துங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே இருந்தால் அதுவே முதலில் வரும்.

அடுத்து, ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். சைக்கிள் கடையில் டியூபை நீரில் அமிழ்த்திப் பார்ப்பது போல இதுவும் ஒரு சோதனை. முதலில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். நீர் லைனரை நேரடியாகத் தொடும் வகை என்ஜின்களில் லைனர் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டாலும் ஆயிலில் நீர் இறங்கும். இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. ஹெட் போல்ட்டுகளை உரிய வரிசையில், உரிய முறுக்களவில் இறுக்க வேண்டியிருப்பதால் இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

சரி செய்தல்

குழாயை மாற்றும்போது பழைய குழாய் இருந்த முனையில் படிந்த துருவைச் சுரண்டி வழவழப்பாக்குங்கள். குழாயை முழுவதும் ஏற்றி, முனையிலுள்ள மேட்டுக்குப் பின்னால் கிளிப்பு அமையுமாறு இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளிப்பே குழாயை அறுத்துவிடும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றாசு வைக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கொண்ட புதுவகை ரேடியேட்டர்களில் இது இயலாது. பம்பு சொட்டினால் சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டை அதிகமாக இழுத்துக் கட்டுவதும் பேரிங் கெடக் காரணமாகும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கம் நம்மிடையே உண்டு. நடுவழியில் வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அடைக்கும். வந்து சேர்ந்தவுடன் நீரை இறக்கிக் கழுவி, முறையாகப் பழுது பார்க்க வேண்டும்.

வயலில் நீராவி கிளம்பினால்

உடனே பளுவை நீக்கி என்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். மேல் தொட்டியில் கையை வைக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். பிறகு மடித்த கோணியை மூடியின் மீது போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி, அழுத்தம் அடங்கிய பின் எடுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

குழாயில்தான் வெடிப்பு என்றால், சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். மூடியை முதல் தடையிலேயே விட்டு வைத்தால் அழுத்தம் ஏறாது. பளு இல்லாமல் மெதுவாக வீடு சேரலாம்.

வருமுன் காத்தல்

நமது ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பானது. அதை ஊற்ற ஊற்ற உள்ளே பொருக்கு படிந்து குழல்கள் அடைபடும். ஒழுகும் வண்டியில் நாள்தோறும் புது உப்பு சேர்வதால் கேடு இன்னும் விரைவாகும். சுத்தமான மழைநீரோ வாலை வடிநீரோ நல்லது. கடையில் விற்கும் கூலன்ட் திரவத்தைக் குறித்த அளவில் கலந்தால் துரு தடுக்கப்படும், கொதிநிலையும் உயரும். ஆனால் அதில் பெரும்பாலும் உள்ள எத்திலின் கிளைக்கால் நஞ்சு, சுவையோ இனிப்பு. இறக்கிய திரவத்தைக் குழந்தைகளுக்கோ ஆடுமாடுகளுக்கோ நாய்க்கோ எட்டும்படி வைக்காதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள்.

காலையில் வண்டியை எடுக்குமுன் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். ஊற்றிய அளவைச் சுவரிலாவது குறித்து வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஊற்ற நேர்ந்தால், மூன்றாம் நாள் குடத்தை எடுக்காதீர்கள், ஒழுக்கைத் தேடுங்கள். வரப்பில் நண்டு வளையை விட்டு வைக்காத நாம், வண்டியிலும் விட்டு வைக்க வேண்டியதில்லை அல்லவா?