உயிரும் மெய்யும்: குடல்வாழ் நுண்ணுயிர்களின் படிமலர்ச்சி



எழுத்துக்கு உயிர், மெய் எனப் பெயரிட்ட தமிழ் முன்னோர், உயிரின் துணையின்றி மெய் இயங்காது எனக் கண்டனர். அவ்வுறவின் சாயலை இன்றைய உயிரியல் மாந்தர் குடலிலும் காண்கிறது. 2016இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்றின்படி, மாந்த உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. அவ்வுடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களோ 38 இலட்சம் கோடி. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்வன.

கனகசெட்டிக்குளத்தில் அசைபோடும் பசு வைக்கோலைத் தின்கிறது. ஆயினும், வைக்கோலின் நாரைச் சிதைக்கும் நொதி பசுவின் உடலில் சுரப்பதில்லை. வயிற்றின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கச் செய்கின்றன. அதில் விளையும் அமிலங்கள் பசுவுக்கு உணவாகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களும் செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. இலையுண்ணும் அனுமன் மந்தியின் வயிறும் இத்தகைய புளிப்பறை கொண்டதே. பசுவும் மந்தியும் நெருங்கிய இனத்தன அல்ல. எனினும், நுண்ணுயிரைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதி இரண்டிலும் தனித்தனியே ஒத்த மாற்றங்களைப் பெற்றிருத்தலை ஆலன் வில்சன் குழுவினர் 1987இல் காட்டினர். இலையுணவு நுண்ணுயிர்க்கு இடமளித்தது. இடம்பெற்ற நுண்ணுயிரோ விலங்கின் நொதியையே மாற்றியமைத்தது.

மாந்தர் வரலாறும் இதற்கு விலக்கன்று. மாந்தர், சிம்பன்சி, போனோபோ, கொரில்லா ஆகியோரின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. நுண்ணுயிர்க் குடும்பங்கள் இரண்டின் கிளைவழியும் அவற்றைத் தாங்கிய உயிரினங்களின் கிளைவழியும் பொருந்தி நின்றன. ஏறத்தாழ 150 இலட்சம் ஆண்டுகளாக அவை உடன்பிறந்து உடன்பிரிந்து வந்துள்ளன என்பது அதன் முடிபு. எல்லா நுண்ணுயிர்களும் அவ்வாறு வழிவழி வந்தவை அல்ல. இனம் விட்டு இனம் குடிபெயர்ந்தவையும் உள.

இவ்வுரிமைச் சொத்தைக் குழந்தைக்கு முதலில் வழங்குபவள் தாய். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவியலாத சர்க்கரைகள் மிகுதியாக உள்ளன. பயனற்றவை போலத் தோன்றும் அவை பிபிடோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர்க்கு உணவாகின்றன. தாய் ஊட்டுவது ஒரு குழந்தையை மட்டுமன்று. அதன் குடலில் குடியேறும் கூட்டத்தையும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர், தென்னிந்தியர் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் பி12 உயிர்ச்சத்தை ஆக்கவல்லன என 1980இல் வெளியிட்டனர். பெருங்குடலில் ஆகும் பி12 உடலில் சேராமல் கழிந்துவிடும். சிறுகுடலில் ஆவதே பயன்தர வாய்ப்புடையது என்பதால் இக்கண்டுபிடிப்பு சிறந்தது. அதே வேலூரில் இராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரியாத மக்காச்சோள மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்து வாந்திபேதி நோயாளர்க்கு அளித்து, நீரிழப்புக் குறைவதை 2000இல் காட்டினர். செரியாத மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அவ்வமிலம் உப்பையும் நீரையும் உடலுக்குள் மீட்கத் துணைசெய்கிறது.

இவற்றைக் கேட்டு, பழமை யாவும் நன்மையே எனப் பாடிவிடுதல் பிழையாகும். சிறுகுடலில் நுண்ணுயிர் அளவுமீறின் சத்துகள் உடலில் சேராமற் போவதும் உண்டு. உறவின் நன்மை அதன் இடத்தையும் அளவையும் பொறுத்தது.

இன்று தடுமனுக்கும் மருத்துவர் சொல்லாமலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாங்கி விழுங்கும் வழக்கம் பெருகியுள்ளது. தடுமன் பெரும்பாலும் நச்சுயிரியால் வருவது. அம்மருந்து அதனைத் தீண்டாது, குடலின் குடிகளையே அழிக்கும். உயிர்காக்க வேண்டிய வேளையில் அம்மருந்தை மறுத்தலும், வேண்டாத வேளையில் அதனை உண்ணலும் ஒருங்கே அறியாமையாகும்.

தாய்மொழியும் குடல்வாழ் உயிரும் தாயிடமிருந்து பெறப்படுவன. வழங்காதொழியின் மொழி தேய்வதனை இவ்வவை நன்கறியும். கண்ணுக்குத் தோன்றா மற்றை உரிமையும் அவ்வாறே தேயக்கூடியது. மெய்யைப் பாடும் பாவலர் அதனுள் வாழும் உயிர்களையும் எண்ணிப் பாடுவாராக. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் பல்லாண்டு வாழ்க.