கூழைக்கடாவுக்கு இரண்டு ஊர்

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட், இரும்பு உருக்காலை, சாலையோரம் வரிசைகட்டிய லாரிகள், இவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே, அதிக தூரமில்லை, பழவேற்காடு ஏரி கிடக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி இதுதான். இதன் தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமானது.

மாசி மாதத்தில் விடியும் முன்பே அண்ணாமலைச்சேரிப் பக்கம் போய் நின்றுவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் பறவைகளை எண்ணத் தொடங்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். அங்கே யார் எங்கே நிற்பது என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. சேற்றோரம் உள்ளான்கள் ஓடியோடிக் குத்தும். முழங்கால் தண்ணீரில் பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளி, சிக்கும் சிற்றுயிர்களையும் பாசியையும் மட்டும் தின்னும். சிவப்புச் சாயல் அந்த இரையிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

கூழைக்கடா கதை வேறு. அதற்கு மீன் வேண்டும், கூடு கட்ட மரமும் வேண்டும். பழவேற்காட்டில் மீன் இருக்கிறது. மரம், ஆந்திர எல்லைக்குள் சூளூர்ப்பேட்டை தாண்டி நேலப்பட்டில் இருக்கிறது. அங்கே ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடுகள். மாசியில் குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருக்கும். தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே நுழைத்துச் சாப்பிடும். பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்! வெயில் ஏறி, சூடான காற்று மேலெழும்பியதும், பெரியவை சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து இரைக்குக் கிளம்பும். ஒரு மாநிலத்தில் வீடு, இன்னொரு மாநிலத்திலும் சமையல்கட்டு. ஆகவே நேலப்பட்டு மரங்களை மட்டும் காப்பாற்றினால் போதாது.

பழவேற்காட்டில் மீன் வரத்து முகத்துவாரத்தைப் பொறுத்தது. கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இருக்கும் நீரில் உப்பு ஏறும், மீனும் இறாலும் குறையும். ‘பாடு’ என்று முறைவைத்து மீன்பிடிக்க இறங்கும் மீனவர்கள் இதை வருடாவருடம் சொல்கிறார்கள். அவர்கள் வலையில் விழாதது கூழைக்கடாவின் பைக்குள்ளும் விழாது.

இன்னொன்று. பூநாரைக் கூட்டம் பறக்கும் படம் வேண்டுமென்று படகை நெருக்கி விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இரை தேடும் நேரத்தில் எழுப்பிவிட்டால், தின்றதைப் பறந்தே செலவழித்துவிடும். தொலைநோக்கி எதற்கு இருக்கிறது?

ஒன்பது மணிக்கு மேல் கானல் அசைய ஆரம்பித்தால் தூரத்துப் பறவை எதுவும் தெளிவாகத் தெரியாது. பங்குனி முற்றினால் வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் வடக்கே கிளம்பிவிடும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூளூர்ப்பேட்டை வரை புறநகர் ரயில் ஓடுகிறது. குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு மாசியிலேயே போய்வாருங்கள்.