தீவுக்குச் சாலை வந்தபோது

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாம்பன் தீவில் பதினொரு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். சுற்றுலா பற்றிப் பாடம் வரும்போதெல்லாம் வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, போக்குவரத்து வசதி என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். பள்ளி வாசலைத் தாண்டினால் அதே சுற்றுலா பேருந்து பேருந்தாக வந்து இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பாடத்தோடு சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2017 ஜூலையில் தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வெள்ளிக்கிழமைகளிலும் திங்கட்கிழமைகளிலும் வராமல் போனான். விசாரித்தால், அரிச்சல்முனையில் சோழி மாலை விற்கிறானாம். கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். "சார், அப்பா முன்ன மணல்ல வேன் ஓட்டுனாங்க. ரோடு வந்ததுக்கப்புறம் அந்த வேன்ல யாரும் ஏறல சார்" என்றான்.

அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் அந்த வேன்கள் குலுங்கிப் போகும், நானே போயிருக்கிறேன். நல்ல சாலை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதே சாலையால் ஒரு வீட்டில் வருமானம் நின்றுபோனதை நான் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவேன்?

"அந்தக் காலத்தில் இந்தத் தீவுக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள்" என்று வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். 1914இல் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம் என்ற ஆண்டுகள் புத்தகத்திலேயே கிடைக்கும். பிள்ளைகள் கொண்டுவந்தது வேறு. சாலைப் பாலம் வருமுன் பேருந்து மண்டபத்தோடு நின்றுவிடும், கல்யாணச் சீரைக்கூட ரயிலில்தான் ஏற்றி வந்தோம் என்றார் ஒரு தாத்தா. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த பாட்டி ஒருவர், கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் குடித்ததைச் சொல்லியிருந்தார். "இப்ப கேன் தண்ணி வாங்குறோம்" என்றும் சொன்னாராம்.

இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு அழைத்தேன். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்புநீர் மேலேறிவிடும் என்று விளக்கினார். பிள்ளைகள் பல கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஒரே அளவு ஊற்றிக் கொதிக்கவைத்து வற்றச் செய்தோம். விடுதிகள் நெருங்கிய தெருவின் தண்ணீரில் உப்பு கூடுதலாகப் படிந்தது. உடனே "விடுதிதான் காரணம்" என்று எழுதப் பார்த்தார்கள். பொறுங்கள், அந்தத் தெரு கடலுக்கும் பக்கம்தானே என்று கேட்டேன். மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பது என்று முடிவாயிற்று. செலவு ஒன்றும் இல்லை, நான்கு டம்ளரும் ஓர் அடுப்பும்தான். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

அந்த மாணவனிடம் மட்டும் வேறு வேலை கொடுத்தேன். ஒரு மாத விற்பனைக் கணக்கை நோட்டில் எழுதச் சொன்னேன். கொள்முதல், பேருந்துக் கட்டணம், உடைந்த சரக்கு என்று எல்லாம் பிரித்து எழுதியிருந்தான். ஓரத்தில் ஒரு குறிப்பு: அப்பா இப்போது விசைப்படகில் கூலிக்குப் போகிறார், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் மாலைக் காசுதான் வீட்டுக்கு. நான் கடிந்துகொண்டது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் தாயாரை அழைத்துப் பேசினேன். விடுமுறை நாளில் மட்டும் கடைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை வரத் தொடங்கினான். வெள்ளிக்கிழமை சில வாரம் அவன் இடம் காலியாகவே இருந்தது. விட்டுப்போன பாடத்தைத் திங்கள் காலை இறைவணக்கத்துக்கு முன் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து முடிப்பேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது அவன் பெயரையும் நான்தான் எழுதினேன்.