குறைந்த இலைக்கு யார் கணக்குச் சொல்வது?



இந்தப் பந்தலில் பேச ‘விசுவாச வாழ்வில் உண்மை’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஆற அமரக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்த பிறகு அந்தக் குறிப்பு எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

ஒரு நாட்டுக்கோழி. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஏலம் போனது. எடுத்தவர் பீடிக் கடை நடத்துகிற சகோதரர். சபையே கைதட்டியது. சால்வை போர்த்தினார்கள். ‘தாராள மனம்’ என்று மைக்கில் புகழ்ந்தார்கள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இரண்டு அக்காமார் மட்டும் கைதட்டவில்லை. அவர்கள் அந்தக் கடைக்குப் பீடி சுற்றுகிறவர்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றுகிற வீட்டைத் தெரியாதவர் யார்? சொளவை மடியில் வைத்து, நனைத்த இலையைக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்கிக் கொண்டு போகிறாள் அந்த அக்கா. ஆயிரம் பீடிக்கு என்று அந்தக் கடையில் நிறுத்துக் கொடுக்கிற இலை எண்ணூறுக்குத்தான் காணுமாம். அதிலும் ஓட்டை, பொடிசல். மிச்சத்துக்குக் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்குகிறாள். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்து ஒரு கை அள்ளி ‘இது கழிவு’ என்று ஒதுக்குகிறார். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. பீடியாவது அவளிடம் திரும்பி வருமா? வராது! அதுவும் கடைக்கே! பீடித் தொழிலாளருக்கென்று தனிச் சட்டமே 1966-ல் வந்துவிட்டது. இன்னும் தராசு திருந்தவில்லை. நான் கேட்கிறேன், குறைந்த இலைக்கு யார் கணக்குச் சொல்வது?

‘வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு’ என்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் ஆண்டவரைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடை திறக்கலாம் என்பதுதான் இவர்கள் உபதேசம்! ‘ஊரே அப்படித்தான் செய்கிறது’ என்கிறார்கள். நோவா காலத்திலும் ஊரே அப்படித்தான் செய்தது. அப்புறம் என்ன ஆனது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும்.

காணிக்கைக் காலம் வந்துவிட்டால் நம் பிரசங்கியார் சிலருக்கு வேதத்தில் ஒரே வசனம்தான் கண்ணில் படுகிறது. மல்கியா 3:10. தசமபாகம் கொடு, வானம் திறக்கும். ஐயா, அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். சூனியக்காரன், விபசாரக்காரன், பொய்யாணை இடுகிறவன் என்று சொல்லிக்கொண்டே வந்து, அடுத்து யாரை நிறுத்துகிறார் கர்த்தர்? கூலிக்காரனின் கூலியில் கைவைக்கிறவனை! பத்தாம் வசனத்துக்கு அலறுகிற மைக், ஐந்தாம் வசனத்துக்கு மட்டும் ஏன் ஊமையாகிறது? லேவியராகமம் 19 தராசைப் பேசுகிறது. ஆமோஸ் 8 மரக்காலைக் குறைக்கிறவனைப் பேசுகிறது. யாக்கோபு 5-ல், பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. இத்தனைக்கும் நடுவே நாம் சால்வை வாங்கப் போயிருக்கிறோம்!

சகேயு நாடகம் போடாத சபை உண்டா? பையனை ஏணியில் ஏற்றிவிட்டு எல்லாரும் சிரிக்கிறோம். இறங்கி வந்து சகேயு சொன்னது என்ன? ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். யாரிடம் எடுத்தானோ அவனிடமே! அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. சகேயு கோழி ஏலம் எடுக்கவில்லை, சகோதரரே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவர்கள்தான் திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்ததும் வீடு வீடாய் வருகிறார்கள். மூன்று வருஷமாய்ப் பெயர் தெரியாத பாட்டியிடம் ‘ஸ்தோத்திரம் பாட்டி, முழங்கால் வலி எப்படி?’ என்று விசாரிக்கிறார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் பாட்டிக்கும் வலி இருக்கிறது, முழங்காலும் இருக்கிறது. விசாரித்தவரைத்தான் காணோம்!

நம் சபை பெரிய மனிதர்களின் சால்வையால் வளர்ந்ததா? 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்றார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார். 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார். உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மார் பரம்பரை நம்முடையது. அந்த ஒரு பிடியில் எவளுடைய கூலியும் இல்லை, எவளுடைய கண்ணீரும் இல்லை. பதினைந்தாயிரத்தை அதன் பக்கத்தில் வைத்தால் எது கனம் என்று கர்த்தருக்குத் தெரியும்.

கோயில் கூரைக்குப் பணம் வேண்டும், எனக்கும் தெரியும். கூரை ஒழுகினால் ஒழுகட்டும்! ஏழைப் பெண்ணின் இலையைத் திருடிப் போடுகிற கூரை ஆண்டவருக்கு வேண்டாம். சபை மூப்பர்களே, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘முதலில் அக்காமாரின் கணக்கைத் தீர்த்துவிட்டு வாருங்கள்’ என்று அந்தக் கடைக்காரச் சகோதரரின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசுவே அல்லவா?

பந்தலில் கடைக்காரர்கள் இருக்கிறீர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். நாளைக் காலை ஜெபம் முடிந்ததும் முதல் வேலையாகத் தராசைச் சரிபாருங்கள். நிறுத்தி வைத்த கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் ஆண்டவர் உங்களை ஏற்றுக்கொள்வார்.