பொருளுணர்ந்து வாசிக்கக் கற்பிப்போம்

(ஆங்கில ஆசிரியர் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களே, கல்வியியல் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே! இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க என்னை அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. ஆங்கில ஆசிரியர்கள் கூடியிருக்கும் அவையில் தமிழில் பேசுமாறு அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சியோடு இசைந்தேன். நாம் பேசப்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழில் சிந்திப்பவர்கள். ஓர் ஆங்கிலப் பத்தி அவர்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்பதைத் தமிழிலேயே ஆராய்வது நமக்கும் நல்லது.

பதின்வயது மாணவர்கள் ஆங்கிலத்தில் வாசிப்பதைப் புரிந்துகொள்ள நாம் எப்படி உதவுவது என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். பொருளுணர்வை நாம் ஓயாமல் சோதிக்கிறோம். கற்பிப்பது மிகக் குறைவு.

இரண்டு வாக்கியங்களைச் சொல்கிறேன், கவனியுங்கள். "நெமிலன் மிருசலில் ஒரு பிலவையைத் துமுக்கினான். ஆனால் அது குமலாததால் அவன் மிகவும் தவிலினான்." இனிக் கேள்விகள். துமுக்கியது யார்? நெமிலன். எங்கே துமுக்கினான்? மிருசலில். எதைத் துமுக்கினான்? பிலவையை. அவன் ஏன் தவிலினான்? அது குமலாததால். நான்கு கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். நெமிலனுக்கு என்ன நேர்ந்தது என்று இந்த அவையில் ஒருவருக்கும் தெரியாது.

நம் வகுப்பறைகளில் தினமும் நடப்பது இதுதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுது என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில நேரம் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். புக் பேக் கேள்விகளுக்கு விடையைக் கோடிட்டுத் தருகிறோம். மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் தருகிறோம். பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடுகிறான். அடுத்த ஆண்டு கல்லூரியிலோ வேலையிலோ முன்பின் பார்த்திராத ஓர் ஆங்கிலப் பக்கம் அவன் கைக்கு வருகிறது. அதற்குக் கோடிட்டுத் தர யாரும் இல்லை.

நம் நாட்டுப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் அசர் அறிக்கை, 2023-ஆம் ஆண்டில் 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளைஞர்களைப் பற்றியது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 விழுக்காடுதான். அதாவது வாய்விட்டு வாசித்துவிட்ட நால்வரில் ஒருவருக்குத் தான் வாசித்தது என்னவென்று தெரியவில்லை. இவை பல மாநிலங்களுக்கும் பொதுவான கணக்கு. ஆனால் அந்த நான்காம் பிள்ளை நம் எல்லோருடைய வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவில் டோலரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடவேளை எப்படிச் செலவாகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்தார். ஆய்வு 1978-79-இல் வெளிவந்தது. எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்பிக்கச் செலவான நேரம் ஒரு விழுக்காடுகூட இல்லை. பயிற்சித்தாள் கொடுப்பதும், கேள்வி கேட்பதும், விடை சரியா தவறா என்று பார்ப்பதுமாக நேரம் போயிருந்தது. அங்கே அவர்கள் வாசித்தது சொந்த மொழியில். நம் மாணவர்களோ இரண்டாம் மொழியில் வாசிக்கிறார்கள்.

சரி, கற்பிப்பது என்றால் எதைக் கற்பிப்பது? காஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்புத் திறன் என்றார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம்தான். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறும் மாணவனுக்கு வேண்டிய உதவி வேறு. மளமளவென்று வாசித்துவிட்டு விழிக்கும் மாணவிக்கு வேண்டிய உதவி வேறு. இருவரையும் ஒரே மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்தால் இருவருக்குமே நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

இன்னொன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். அயல்மொழியில் வாசிக்கத் தடுமாறுவது மொழியின் சிக்கலா, வாசிப்பின் சிக்கலா என்று 1984-இல் சார்லஸ் ஆல்டர்சன் கேட்டார். இதைக் கண்டறிய நமக்கு ஒரு பாடவேளை போதும். அதே அளவுள்ள ஒரு தமிழ்க் கட்டுரையைக் கொடுத்து, சாரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் நன்றாகச் சொல்பவருக்குத் தேவை ஆங்கிலச் சொல்லும் வாக்கிய அமைப்பும். தமிழிலும் திணறுபவருக்குத் தேவை வாசிப்பே. அதே அசர் அறிக்கை, இந்த வயதினரில் ஏறத்தாழ கால் பங்கினரால் தங்கள் மாநில மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்கிறது. எனவே தமிழாசிரியரோடு சேர்ந்து உட்காராமல் ஆங்கில ஆசிரியர் இந்த வேலையை முடிக்க முடியாது.

அடுத்து, வாக்கியம். "த பாய் ஹூ ஹிட் மை பிரதர் வென்ட் ஹோம்" என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போனது யார் என்று கேளுங்கள். தம்பி என்று பலர் சொல்வார்கள். வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரே எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் "என் தம்பியை அடித்த பையன்" என்று அடைமொழி முன்னே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னே வந்து எழுவாயையும் வினையையும் பிரித்துவைக்கிறது. ஒரே பத்தியில் ஆறேழு இடங்களில் வரும் "ஹீ", "இட்", "திஸ்" ஒவ்வொன்றும் யாரை, எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடச் சொன்னாலே பாதிக் குழப்பம் வெளியே வந்துவிடும். "அன்லெஸ்", "அல்தோ" போன்ற இணைப்புச் சொற்களும் இப்படித்தான். அவற்றைத் தவறவிட்டவர்கள் பத்தியின் கருத்தையே தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல்வளத்தைப் பற்றிய கணக்கு நம்மைச் சிந்திக்க வைப்பது. துணையின்றி ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்ட முடிவு. அப்படியானால் 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் மாணவர்கள் பலருக்குப் பாடநூலின் ஒரு பக்கத்தில் முப்பது, நாற்பது சொற்கள் தெரியாதவை. அவற்றுக்குப் பொருள் எழுதிப்போட்டுவிட்டால் அது வாசிப்பு ஆகாது. அவர்களுக்கு அந்தப் பாடநூலோடு கூடவே, தங்கள் மட்டத்தில் தடையின்றி வாசிக்கும் நூல்களும் வேண்டும்.

இந்த எண்ணம் நம் துணைக்கண்டத்திலேயே பிறந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது வாசிப்புத் திறனே என்று கண்டார். சொற்களை அளந்து, படிப்படியாகக் கூட்டி எழுதிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இன்று உலகெங்கும் விற்கும் படிநிலை வாசிப்பு நூல்களுக்கு அவர் பணி ஒரு தொடக்கம். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முயல் ஆமைக் கதையைக் கொடுத்தால் அவன் தன்மானம் அடிபடும். ஷெர்லக் ஹோம்ஸின் துப்பறிதலை ஆயிரம் அடிப்படைச் சொற்களை மட்டும் கொண்டு எழுதிய நூலைக் கொடுத்தால், மொழி எளிமையாக இருக்கும், விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்கும். பதின்வயதினருக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

சொல்லும் வாக்கியமும் தெரிந்தாலும் பின்னணிச் செய்தி தெரியாவிட்டால் பொருள் விளங்காது. பத்தாம் வகுப்பில் ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கதையை நடத்துகிறோம். வீட்டுக்குள் வந்த காவலர்களைப் பரண் அறையிலிருக்கும் தாத்தா சுட்டுவிடுகிறார். ஏன்? அவர்கள் ஜெனரல் மீடின் படையிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள் என்று நினைக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது, கதை நடப்பது 1915-இல், அந்த முதியவர் மனத்தில் போர் இன்னும் முடியவில்லை என்பது தெரிந்தால்தான் அந்த இடத்தில் சிரிப்பு வரும், சற்றே இரக்கமும் வரும். தெரியாதவருக்கு அது காரணமில்லாத துப்பாக்கிச் சூடு. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத, வாசிப்பில் சிறந்த பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனவே தர்பர் கதைக்கு முன் பத்து நிமிடம் அந்த உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் பேசுங்கள். அது நேர விரயம் இல்லை, வாசிப்புப் பாடத்தின் முதல் பகுதி.

இனி, புரிந்துகொள்ளும் வழியைக் கற்பிப்பது. அதே கதையில் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டதாக நினைக்கும் அம்மா, தன் செருப்பை எடுத்து அடுத்த வீட்டு ஜன்னல் மீது எறிகிறார். "அம்மா எதை எறிந்தார்?" என்று கேட்டால் அது நெமிலன் கேள்வி. அதற்குப் பதில் ஆசிரியர் தன் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லலாம். "காவலரைக் கூப்பிட வேண்டும் என்கிறார். தொலைபேசி எங்கே இருக்கிறது? மேலே பார்த்தோமே, கீழ்த்தளத்தில். திருடன் இருப்பதாக நினைப்பதும் அங்கேதான். அப்படியானால் இறங்க முடியாது. ஓ, அடுத்த வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லத்தான் எறிகிறார்!" நல்ல வாசகர் நொடியில் செய்துவிடும் இந்த வேலையை மாணவர்கள் பார்த்ததே இல்லை. அதைக் கண்முன் காட்ட வேண்டும்.

காட்டிய பிறகு, வேலையை மெல்ல அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984-இல் வெளியிட்ட முறை இதற்குக் கைகொடுக்கும். சொற்களைச் சரியாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் வாசித்ததும் ஒரு மாணவர் ஆசிரியராகிச் சாரம் சொல்வார், கேள்வி எழுப்புவார், புரியாத இடத்தைத் தெளிவாக்குவார், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார். பிறகு முறை அடுத்தவருக்கு. சில வாரங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. கேள்வி கேட்கும் இடம் மாணவர் கைக்கு மாறுவதுதான் இதன் உயிர். நம் வகுப்பில் இதைச் செய்யும்போது பேச்சு தமிழில் நடக்கட்டும். கண் ஆங்கிலப் பக்கத்தில் இருக்கட்டும், விடைக்குச் சான்றான ஆங்கில வரியை விரலால் தொட்டுக் காட்டட்டும். ஆங்கிலத்தில் பேசு என்று கட்டாயப்படுத்தினால் கடைசி பெஞ்சு முழுவதும் மௌனமாகிவிடும்.

வாசிப்புக்கு ஒரு நோக்கம் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் மாணவர்கள் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் ஆங்கிலத்தில் வாசித்துக் கணக்குப் போட்டார்கள். முதலில் ஆசிரியரோடு வகுப்பே சேர்ந்து ஒரு கணக்கு. பிறகு அதே போன்ற ஒன்றைத் தனியாக. சாதாரணப் பள்ளிகளில் நடந்த முயற்சி அது.

நிறைய வாசிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஃபிஜி தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைநூல்களைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. 1983-இல் வெளியான இந்த ஆய்வு சிறு பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், பூட்டிய அலமாரியைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கும் சொல்கிறது.

நண்பர்களே, இந்தக் கருத்தரங்கு கட்டுரை வாசிப்போடு முடிந்துவிடக் கூடாது. மூன்று முடிவுகளை அமர்வுகளின் முன் வைக்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை கேள்வியும் மதிப்பெண்ணும் இல்லாத வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும். அப்போது ஆசிரியரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு பாடத்தையாவது குழு வாசிப்பு முறையில் நடத்தி, என்ன நடந்தது என்று குறித்துவைக்க வேண்டும். நம் கையில் இருக்கும் வகுப்புத் தேர்வுகளில் பார்த்திராத ஒரு பத்தியைக் கட்டாயம் தந்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கும்.

இவை மூன்றுக்கும் அரசாணை தேவையில்லை. இந்த அவையில் இருப்பவர்கள் மனம் வைத்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம். அடுத்த ஆண்டு கூடும்போது ஒவ்வொருவரும் தம் வகுப்பின் குறிப்பேட்டோடு வாருங்கள். எந்த வழி பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதை வைத்துக்கொண்டு பேசுவோம். அந்த நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.