வளர்ந்த பிள்ளைகளும் மூளைக் காய்ச்சலும்



கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீடு முழுவதுமே விழித்திருக்கும். அம்மம்மா தலைமாட்டை விட்டு அகலார். தாய் இமை மூடாள். தந்தை விடியுமுன் வைத்தியரின் வாசலில் நிற்பார். அதே பிள்ளை பதினாறு வயதை எட்டிவிட்டால் நிலைமை வேறாகிவிடுகின்றது. "தலை இடிக்குது" என்று சொன்னால் இரண்டு பனடோலைக் கொடுத்து, படுத்தெழும்பினால் மாறிவிடும் என்று கூறிவிடுகின்றோம். பிள்ளையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகின்றது. பெரும்பாலான காய்ச்சல்களில் இதனால் தீங்கொன்றும் நேர்வதில்லை. ஆயினும், அவ்வாறு கழியும் ஓர் இரவே உயிரைக் கொண்டுபோகப் போதுமான நோயொன்று உண்டு. அதுவே மூளைக் காய்ச்சல் என நாம் பொதுவாக வழங்கும் மூளைச் சவ்வழற்சி.

மூளையையும் முண்ணாணையும் மெல்லிய சவ்வுகள் போர்த்திருக்கின்றன. கிருமிகள் அங்கே சென்று தங்கி, அச்சவ்வுகள் வீங்கி அழற்சியுறுதலே இந்நோய். வைரசுக்களால் வருவது மிகுதி. அது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பற்றீரியாக்களால் வருவதோ கொடியது. பற்றீரியாவால் நோயுற்றோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இறக்கின்றனர் என்றும், ஐவரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் நேர்கின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவ்விரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய எவராலும் இயலாது. அதனை முடிவுசெய்யும் இடம் வைத்தியசாலையே.

வளர்ந்த பிள்ளைகளை இந்நோய் நாடுவதற்குக் காரணம் உண்டு. 1805ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் இந்நோயின் பரவல் முதன்முதலாகத் தெளிவாக விவரிக்கப்பட்டது. 1887இல் வியன்னாவைச் சேர்ந்த வைக்செல்பவும் என்னும் அறிஞர் மெனிங்கோகொக்கசு என்னும் கிருமியை இனங்கண்டார். நலமாயிருக்கும் மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் இக்கிருமி தீங்கின்றி வாழ்வதுண்டு. அவ்வாறு சுமந்து திரிவோர் பதின்ம வயதினரிடையேயும் இளைஞரிடையேயுமே மிகுதி. கூடிப் பழகுதல், ஒரே அறையில் உறங்குதல் ஆகியவற்றால், எச்சில் வழியாகவும் இருமல் வழியாகவும் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கின்றது. ஆதலால் விடுதிகளும் படைமுகாம்களும் சிறைச்சாலைகளும் இந்நோய்க்கு வாய்ப்பான இடங்களாகின்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நமது நாட்டின் காலிச் சிறைச்சாலையில் மூளைக் காய்ச்சல் தலைகாட்டியபோது, கைதிகள் இருவர் உயிரிழந்த செய்தியை நேயர்கள் அறிந்திருப்பீர்கள்.

காய்ச்சலை இலேசாக எண்ணுவதன் விலையை யாழ்ப்பாணத்தார் வேறொரு நோயாலும் கண்டறிந்தோம். 2024ஆம் ஆண்டு மார்கழியில், பெருமழைக்குப் பின், வடமராட்சிப் பகுதியில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பேசப்பட்டது எலிக்காய்ச்சலே எனப் பின்னர் உறுதியாயிற்று. அது சிலரின் உயிரையும் குடித்தது. மாரி காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரண தடிமன் யாவும் ஒன்றாக வருகின்றன. இக்கூட்டத்துள் மூளைக் காய்ச்சல் நுழைந்தால் அதனை அடையாளங் காண்பது எங்ஙனம்?

தொடக்கத்தில் காய்ச்சல், தலையிடி, சத்தி, உடல்நோவு என்பனவே தோன்றும். கை கால்கள் குளிர்ந்துபோதலும், கால்களில் கடும் வலியும் சிலரிடம் முந்தி வரும். பின்னர், தாங்கவொண்ணாத தலையிடி, பிடரி விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், அளவிறந்த தூக்கம், பிதற்றல், வலிப்பு ஆகியன தொடரும். நாடியை நெஞ்சில் தொடும்படி பிள்ளையிடம் கூறுங்கள். இயலாவிடின் அது பேராபத்தின் குறி. தொட முடிந்தாலும், ஏனைய குறிகள் இருந்தால் அதனை நம்பி இருந்துவிடக் கூடாது.

கிருமி குருதியிற் கலந்துவிட்டால் தோலில் சிவந்த அல்லது ஊதாநிறப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடிக் குவளை ஒன்றின் பக்கத்தை அவற்றின்மேல் அழுத்திப் பாருங்கள். புள்ளிகள் மறையாது தெரிந்தால் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. நம்மவரின் மாநிறத் தோலில் இவை எளிதிற் புலப்படா. ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களை நன்கு நோக்குதல் வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருத்தலோ பெருந்தவறு. புள்ளி தோன்றாமலேயே நோய் முற்றுவதும் உண்டு.

குழம்பிப் பேசும் பிள்ளையை, எழுப்பவும் எழாத பிள்ளையை, விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நாளை பரீட்சையாயிற்றே என்ற எண்ணமும் குறுக்கே வரலாகாது. தவறிய பரீட்சையை மறுமுறை எழுதலாம் என்பதை ஓர் அதிபராக நான் உறுதியாகவே கூறுவேன்.

வைத்தியசாலையில் மற்றொரு தடை எழுவதுண்டு. முள்ளந்தண்டில் ஊசியேற்றி நீரெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், பிள்ளைக்குக் கால் விளங்காமற் போய்விடும் என்று அஞ்சிப் பெற்றோர் மறுக்கின்றனர். இவ்வச்சம் நம்மிடையே ஆழ வேரூன்றியது. உண்மை யாதெனில், முண்ணாண் இடுப்புப் பகுதியின் மேல் முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகின்றது. ஊசி ஏற்றப்படுவது அதற்கும் கீழே. அங்கு நீரும் நரம்பிழைகளுமே உள. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை அந்தச் சில துளி நீரே வைத்தியருக்குச் சொல்லுகின்றது. மறுத்து வீணாக்கும் நேரமே பிள்ளைக்குப் பகையாகும்.

ஒரு பிள்ளைக்கு மெனிங்கோகொக்கசு நோய் உறுதியானால், அதனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்கும் நெருங்கிப் பழகியோருக்கும் தடுப்பு மருந்து உடனே கொடுக்கப்படும். பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் சொற்படி நடத்தல் வேண்டும். அதற்கப்பால் பீதி தேவையில்லை. இக்கிருமி மனித உடலுக்கு வெளியே நெடுநேரம் உயிர்வாழாது. புத்தகங்களை எரிப்பதும், அந்த வீட்டாரை ஒதுக்குவதும் அறியாமையாகும். 2020ஆம் ஆண்டு பங்குனியில் கொரோனாத் தொற்றின்போது எங்கள் அரியாலையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. ஒதுக்கப்படுதலின் துயரம் எத்தகையது என்பதை இவ்வூரார் நன்கறிவர்.

இனித் தடுப்பூசி. பிறந்தவுடன் ஏற்றப்படும் பீசிஜி, கசநோயால் வரும் மூளைச் சவ்வழற்சியினின்றும் குழந்தையைக் காக்கின்றது. 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் குழந்தைகள் பெறும் ஐங்கூட்டுத் தடுப்பூசி, ஹிப் என்னும் கிருமியைத் தடுக்கின்றது. மெனிங்கோகொக்கசுக்கான தடுப்பூசி நமது வழமையான அட்டவணையில் இல்லை. ஹஜ் யாத்திரை செல்வோர் அதனை ஏற்றிச் செல்கின்றனர். பிரித்தானியா 2015ஆம் ஆண்டு முதல் பதின்ம வயதினருக்கு நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசியை வழங்கி வருகின்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், கடவுச்சீட்டு, பயணச்சீட்டு என்பவற்றோடு இத்தடுப்பூசி பற்றியும் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

இறுதியாக, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இந்நோயினின்றும் பிழைத்து வந்த பிள்ளைக்குச் செவிப்புலன் குறைதலும், ஞாபகம் தளர்தலும், விரைவில் களைத்தலும் நேரலாம். வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடையிறாத பிள்ளையைச் சோம்பேறி என்று வைதல் எளிது. அப்பிள்ளைக்கு நாம் கேட்டதே காதில் விழாதிருக்கலாம். வைத்தியசாலையை விட்டு வந்ததும் செவிப்புலனைச் சோதிப்பியுங்கள், பாடசாலைக்கும் அறிவியுங்கள், முன்வரிசையில் ஓரிடமும் சில மாதப் பொறுமையும் அப்பிள்ளையின் கல்வியை மீட்டுத்தரும்.

வளர்ந்துவிட்டான், வளர்ந்துவிட்டாள் என்று நாம் பெருமிதம் கொள்ளும் வயதிலும், காய்ச்சல் கண்ட இரவில் அவர்கள் நம் குழந்தைகளே. அறைக் கதவைத் திறந்து, நெற்றியைத் தொட்டு, பெயர் சொல்லி அழைத்து, தெளிவாக விடை வருகின்றதா என்று பாருங்கள். நள்ளிரவில் ஒருமுறை, விடியற் சாமத்தில் மறுமுறை பாருங்கள். அந்த விழிப்பே பல வேளைகளில் வைத்தியருக்கு முன்னதாகப் பிள்ளையைக் காக்கும் மருந்தாகும்.