ஒரு கேடயத்தில் இரு கழகங்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் தனித்தனியே இயங்கிவந்த இரு தமிழ் அமைப்புகள் ஒரே சங்கமாக இணைந்தபின் நிகழும் முதல் ஆண்டு விழா இது. ஒன்றின் கடிதத்தாளில் குத்துவிளக்கு இருந்தது. மற்றொன்றன் கடிதத்தாளில் யாழ் இருந்தது. இணைந்த சங்கத்துக்கு எது சின்னம் என்னும் வினா இன்னும் முடிவு பெறவில்லை. இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்குவாரும் உளர். சிறு செய்தியாயின் இத்துணைத் திங்கள் நம்மைப் பேச வைத்திராது. ஆகவே, இதே வினாவைச் சந்தித்த வேறொரு கழகத்தின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க எண்ணினோம். அஃது இங்கிலாந்து நாட்டுப் பிரீமேசன் கழகம்.

சின்னம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது. அதனோடு இரு கயல்களும் வில்லும் காணப்படுகின்றன. மூன்று சின்னங்களும் ஒரே வட்டத்துள் உள்ளன. ஆயினும் அஃது இணைப்பைக் காட்டும் முத்திரையன்று. வெற்றியைக் காட்டும் முத்திரை. புலியின் ஆணைக்குள் கயலும் வில்லும் அடங்கின என்பதே அதன் பொருள். வென்றவனும் தோற்றவனும் இல்லாத இடத்தில் இரு சின்னங்களை எவ்வாறு ஒன்றாக வைப்பது? இதற்கு விடை தேடியவர்களின் கதையே இது.

ஐரோப்பாவில் போர்வீரனின் கேடயத்தில் தீட்டிய அடையாளம் நாளடைவில் குடும்பங்களுக்கும், நகரங்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும் உரிய கேடயச் சின்னமாக வளர்ந்தது. இலண்டன் மாநகரில் கல்தச்சர் குழுமம் ஒன்று இருந்தது. 1472 ஆம் ஆண்டில், கிளாரன்சூ என்னும் பட்டம் தாங்கிய அரசச் சின்ன அதிகாரி வில்லியம் ஹாக்ஸ்லோ அக்குழுமத்துக்கு ஒரு கேடயச் சின்னம் வழங்கினார். கறுப்பு நிலத்தில் வெள்ளிநிற மோட்டு வளை ஒன்று; அதன்மேல் ஒரு கவராயம்; சுற்றிலும் மூன்று வெள்ளிக் கோட்டைகள். கல்லை அறுத்து அடுக்கும் தொழிலாளிக்கு அவன் கட்டும் கோட்டையும், அவன் கையிலுள்ள கவராயமுமே பெருமை என்பது இதன் கருத்து.

பிற்காலத்தில், கல்லைத் தொடாத கனவான்களும் வணிகர்களும் கல்தச்சரின் கருவிகளை ஒழுக்கத்தின் உவமைகளாகக் கொண்டு ஒரு சகோதரக் கழகம் கண்டனர். மூலைமட்டம் நேர்மையைக் குறித்தது. கவராயம் தன் ஆசைகளுக்குத் தானே வரம்பு வகுப்பதைக் குறித்தது. இக்கழகத்தின் தலைமைச் சபை 1717 ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றியதென்பது மரபு. கல்தச்சர் குழுமத்தின் கோட்டைகளையும் கவராயத்தையுமே இச்சபை தன் சின்னமாக ஏற்றது. நாளடைவில் கறுப்பு நிலம் மட்டும் செந்நிலமாயிற்று.

1751 ஆம் ஆண்டில் இலண்டனில் மற்றொரு தலைமைச் சபை எழுந்தது. அதில் சேர்ந்தோருள் பலர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கைவினைஞர். முன்னைய சபை பழைய முறைகளை மாற்றிவிட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆகவே பின்னால் தோன்றிய தங்களைப் 'பழையோர்' என்று அழைத்துக்கொண்டு, முன்னால் தோன்றிய சபையைப் 'புதியோர்' என்று எள்ளினர்! அந்தப் பெயர்களே வரலாற்றில் நிலைத்தும் விட்டன. பெயர் சூட்டும் உரிமை எத்துணை வலிமையுடையது பாருங்கள்!

பழையோர் சபையின் செயலாளர் லாரன்ஸ் டெர்மட் என்பவர் டப்ளினிலிருந்து வந்த ஓவியத் தொழிலாளர். 1764 இல் வெளிவந்த தம் நூலின் பதிப்பில் அவர் வேறொரு சின்னத்தை முன்வைத்தார். யாக்கோபு யெகூதா லியோன் என்னும் யூத அறிஞரின் தொகுப்பில் அதனைக் கண்டதாக எழுதினார். சிலுவைக் கோடுகளால் நான்காகப் பகுத்த கேடயம். ஒவ்வொரு பகுதியிலும் முறையே சிங்கம், எருது, மனிதன், கழுகு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சியில் வரும் நான்கு முகங்கள் இவை. இவற்றை இசுரவேல் குலங்களின் கொடிச் சின்னங்களாகக் கொள்வதும் உண்டு.

அரை நூற்றாண்டுக்கு மேல் இரு சபைகளும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. இறுதியில் 1813 ஆம் ஆண்டில், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் புதல்வர் இருவர் இரு சபைகளுக்கும் தலைவராயினர். சசெக்ஸ் கோமகன் ஒருபுறம். அவர் தமையன் கெண்ட் கோமகன் மறுபுறம். அவ்வாண்டு நவம்பர் 25 ஆம் நாள் கென்சிங்டன் அரண்மனையில் 21 விதிகள் கொண்ட இணைப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. டிசம்பர் 27 ஆம் நாள் இரு சபைகளும் ஒன்றாயின. தமையனார் தலைமைப் பதவியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். தம்பியே இணைந்த சபையின் முதல் தலைவரானார்.

சின்னத்தின் செய்தி என்னாயிற்று? கணவன் குடும்பச் சின்னத்தையும் மனைவி குடும்பச் சின்னத்தையும் ஒரே கேடயத்தில் நெடுக்காகப் பாதிபாதியாக வைப்பது அந்நாட்டு வழக்கம். அம்முறையையே இங்கும் கையாண்டனர். கேடயம் தாங்குவோனின் வலப்பக்கம் புதியோரின் கோட்டைகளும் கவராயமும்; இடப்பக்கம் பழையோரின் நான்கு உருவங்கள். கோட்டையைக் குறைக்கவில்லை, கழுகின் சிறகை வெட்டவில்லை. மேலிருந்த உடன்படிக்கைப் பேழையும், இருமருங்கும் சிறகு விரித்த கேருபீன்களும் பழையோரிடமிருந்து வந்தவை. கேடயத்தின் வலப்பக்கம் மேன்மையுடையது. அது முன்னவர்க்குக் கிடைத்தது. கேடயத்தைச் சூழ்ந்த அணிகளோ பின்னவர்க்குக் கிடைத்தன. 'கேள், காண், மௌனமாயிரு' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் அடியில் அமைந்தது.

சின்னம் இணைந்த அன்றே உள்ளங்கள் இணைந்துவிட்டன என்று கருதவேண்டா. இரு தரப்பின் சடங்கு முறைகளையும் ஒத்துப்போகச் செய்வதற்கென்றே ஒரு சமரசக் குழு அமைந்து, 1813 முதல் 1816 வரை பணியாற்றியது.

இன்னொன்றும் நாம் கருதத்தக்கது. இங்கிலாந்தில் கேடயச் சின்னத்தை எவரும் தாமே வரைந்துகொண்டு உரிமை கொண்டாட இயலாது. 1484 இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் பட்டயம் பெற்ற சின்னக் கல்லூரி இலண்டனில் உள்ளது. விரும்புவோர் ஏர்ல் மார்ஷல் என்னும் உயர் அதிகாரிக்கு விண்ணப்பம் செய்தல் வேண்டும். அவர் இசைந்தால் சின்ன அதிகாரிகள் வடிவம் அமைப்பர். முன்னர் எவர்க்கும் வழங்காத வடிவமா என்று பதிவேடுகளை ஆராய்வர். பின்னர்த் தோலேட்டில் கையால் எழுதி, வண்ணம் தீட்டி, கையொப்பமும் முத்திரையும் இட்டு வழங்குவர். அதில் ஒரு நுட்பம் உண்டு. உரிமை ஓவியத்துக்கு அன்று. அதனை விவரிக்கும் சொற்களுக்கே. ஓவியர் பத்துப் பேர் சிங்கத்தைப் பத்து வகையாக வரையலாம். சொல் மாறாதவரை சின்னம் ஒன்றே.

இணைந்த சபை இந்தப் பட்டயத்தை எப்போது பெற்றது தெரியுமா? 1919 ஆம் ஆண்டில்! 106 ஆண்டுகள் அக்கேடயம் முறையான பட்டயமின்றியே வாழ்ந்தது. பட்டயம் வழங்கியபோது கேடயத்தைச் சுற்றிச் செந்நிறக் கரையும், அதில் எட்டுச் சிங்கங்களும் சேர்ந்தன. ஏழாம் எட்வர்டு, 1901 இல் அரியணை ஏறும்வரை, 25 ஆண்டுகளுக்கு மேல் அச்சபையின் தலைவராயிருந்தார். அரச குடும்பத்துக்கும் கழகத்துக்கும் இருந்த அத்தகைய தொடர்பை அச்சிங்கங்கள் நினைவூட்டுகின்றன. ஒற்றுமை முன்னே வந்தது. முத்திரை பின்னே வந்தது.

இக்கழகத்துக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் இதில் சேர்ந்தார். 1961 நவம்பர் 24 ஆம் நாள் புதுதில்லியில் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபையும் அமைந்தது. அக்கழகத்தின் கொள்கைகளைப் புகழ்வதோ இகழ்வதோ நம் நோக்கமன்று. அதன் மறைவான நடைமுறைகளைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அதன் கேடயத்தை மட்டுமே நாம் இங்குப் பார்த்தோம்.

அன்பர்களே, சின்னம் என்பது அழகுப் பொருளன்று, ஓர் உடன்படிக்கை. விளக்கு யாழை வென்றதென்றோ, யாழ் விளக்கை வென்றதென்றோ சொல்லும் சின்னம் நமக்கு வேண்டா. அது செப்பேட்டு முத்திரையாகும். இரண்டையும் அகற்றிவிட்டு எவர்க்கும் உரிமையில்லாத புதுச் சின்னம் ஒன்றை வரைவதும் எளிது. ஆனால் இரு தரப்பாரும் பல்லாண்டு உழைத்த உழைப்பு அதில் முகம் காட்டாது. விளக்கின் ஒளியில் யாழ் இருக்கட்டும். எது வலம், எது இடம் என்னும் வினா எழுமாயின், தம்பிக்கு இடம் விட்ட அந்தத் தமையனை நினைப்போம். ஒரே பந்தியில் பொங்கல் உண்டு, ஒரே வகுப்பில் நம் குழந்தைகள் தமிழ் எழுதப் பழகினால், அதுவே முதற் பட்டயம். அதன்பின் ஓவியர் எப்படி வரைந்தாலும் சின்னம் ஒன்றாகவே இருக்கும்.